ஆடு மெலிவது ஏன்? குடற்புழுவைக் கண்டறியும் வழிகள்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாலிங் முதலிய வட்டாரங்களில், பால்வெட்டு முடிந்து வீடு திரும்பியதும் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. அக்குடும்பங்களுக்கு ஆடுதான் சேமிப்பு. பள்ளி திறக்கும் காலத்தில் பிள்ளைகளின் செலவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, நோய்நொடிக்கு ஒன்று என்று அது கைகொடுக்கிறது. “நேற்றுவரை மேய்ந்த ஆடு இன்று கொட்டகையில் இறந்து கிடந்தது, கழிச்சல்கூட இல்லையே!” என்று அத்தகைய குடும்பத்தார் வருந்துவதைக் கேட்டிருப்பீர்கள். இவ்வாறு இறக்கும் ஆடுகளில் பலவற்றிற்கு எமனாக அமைவது ஓர் உருண்டைப் புழுவே.

இரத்தம் குடிக்கும் புழு

இப்புழுவின் பெயர் ஹீமோங்கஸ். குடற்புழு என்று பொதுவாக அழைத்தாலும், இது வாழுமிடம் ஆட்டின் நான்காவது இரைப்பையாகும். நீளம் 2 அல்லது 3 சென்டிமீட்டர். இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்மையான கருப்பை முறுக்கிக் கிடப்பதால், பெண்புழு சிவப்பும் வெள்ளையும் பின்னிய நூல்போல் தோன்றும்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது. இது ஒரு துளியளவே. ஆயின், ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் போய்விடும். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் இருப்பதோ சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தமே. கழிச்சல் இன்றியே ஆடு திடீரென விழுந்து மடிவதன் காரணம் இதுவாகும்.

ஒரு பெண்புழு ஒரு நாளில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடும். அவை புழுக்கையுடன் வெளியேறி, நமது நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரத்திற்குள் நோய் பரப்பும் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் சென்ற சுமார் மூன்று வாரங்களில் அவையும் முட்டையிடத் தொடங்கும். மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970, 1980-ஆம் ஆண்டுகளில் ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறியாடு வளர்ப்பதை ஆராய்ந்து ஊக்குவித்தது. களை குறைந்தது, வருமானமும் கிடைத்தது. எனினும், ஆட்டிற்கு இதமான அந்நிழலும் ஈரமும் புழுவிற்கும் இதமானவை என்பதை மறத்தலாகாது.

கண்ணைப் பாருங்கள்

முதற் சோதனைக்குக் கருவி வேண்டுவதில்லை. வெளிச்சத்தில் நின்று ஆட்டின் கீழிமையை மெல்ல இறக்கி உட்புறத்தை நோக்குங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் இரத்தம் போதிய அளவில் உள்ளது. வெளிறிய இளஞ்சிவப்பு எச்சரிக்கை. காகிதம்போல் வெளுத்திருந்தால் ஆபத்து. 1990-ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் இச்சோதனைக்கென ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை உருவாக்கப்பட்டது. அதனை வகுத்தவர்களில் ஒருவரான ஃபஃபா மாலன் என்னும் கால்நடை மருத்துவரின் பெயரையொட்டி அஃது ஃபமாச்சா அட்டை எனப்படுகிறது. முதலிரு நிறங்களுக்கு மருந்து வேண்டா. நான்கும் ஐந்தும் ஆனால் உடனே மருந்து வேண்டும். மூன்றாவது நிறம் நடுத்தரமானது, ஆட்டின் நிலையறிந்து முடிவு செய்ய வேண்டும்.

தாடையின் கீழ் நீர் கோத்துப் பை போல் தொங்குவது மற்றோர் அடையாளம். மந்தையின் பின்னே தள்ளாடி வருதல், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுதல், மயிர் பொலிவிழத்தல் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

ஏமாற்றும் அடையாளங்கள்

புழுக்கையில் சோற்றுப் பருக்கைபோல் வெண்ணிறத் துண்டுகள் காணப்படுவதுண்டு. அவை நாடாப்புழுவின் துண்டுகள். அவற்றைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஆனால், வளர்ந்த ஆட்டிற்கு நாடாப்புழுவால் பெருந்தீங்கு நேர்வது அரிது. உயிரைக் குடிக்கும் ஹீமோங்கஸின் முட்டையோ வெறும் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்கி, படாததை விட்டுவிடலாகாது.

அவ்வாறே, குட்டிகளுக்கு இரத்தங்கலந்த கழிச்சல் கண்டால், அது காக்சிடியா என்னும் நுண்ணுயிரியால் வந்ததாக இருக்கலாம். அதற்குப் புழு மருந்து பயன்படாது. வேறு மருந்து வேண்டும்.

புழுக்கைச் சோதனை

ஐயத்தைத் தீர்ப்பது ஆய்வுக்கூடமே. தரையில் கிடக்கும் புழுக்கை பயன்படாது; எந்த ஆட்டினுடையது, எப்போது விழுந்தது என்பது தெரியாது. பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு ஆசனவாயிலிருந்தே சில புழுக்கைகளை எடுங்கள். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டுங்கள். ஆட்டின் அடையாளம், வயது, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடுமாதலால், பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து, உறைந்துபோகாமல், மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விரைவில் சேர்ப்பியுங்கள். வட மாநிலங்களுக்கெனப் புக்கிட் தெங்காவில் கால்நடை ஆய்வுக்கூடம் உள்ளது. ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்கி வருகிறது.

அங்கே கையாளப்படுவது, 1939-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிடப்பட்ட மெக்மாஸ்டர் முறையாகும். 2 கிராம் புழுக்கையைக் கரைத்து, செறிந்த உப்புநீருடன் 60 மில்லிலிட்டராக்குவர். உப்புநீரில் முட்டைகள் மிதக்கும். கோடிட்ட கண்ணாடியின் இரு அறைகளிலும் காணும் முட்டைகளை எண்ணி, 100-ஆல் பெருக்கினால், ஒரு கிராம் புழுக்கையிலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். எட்டு முட்டைகள் கண்டால் அது 800.

முட்டை இல்லையென்றால் புழு இல்லை என்று பொருளன்று. முதிராத புழுக்களும் இரத்தம் குடிக்கும், ஆனால் முட்டையிடா. ஆகவே, கண்ணின் நிறத்தையும் முட்டையின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆடு இறந்துவிட்டால், புதைக்குமுன் கால்நடை அதிகாரிக்குத் தெரிவியுங்கள். நான்காவது இரைப்பையைத் திறந்து பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மருந்து வீணாகாதிருக்க

“சோதனை எதற்கு? எல்லா ஆட்டிற்கும் மாதமொரு முறை மருந்து புகட்டினால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது என்பது மட்டுமன்று. அது தீங்காகவும் முடியும். மருந்துக்குத் தப்பிய புழுக்களே பெருகி, பின்னர் அம்மருந்துக்கு அடங்காமல் போகின்றன. மருந்துக்கு அடங்காத புழுக்கள் நம் நாட்டின் ஆட்டுப் பண்ணைகளில் 1990-ஆம் ஆண்டுகளிலேயே கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே, தேவையான ஆட்டிற்கு மட்டும், எடையறிந்து, முழு அளவாகக் கொடுங்கள். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டிற்குப் போதாமற் போகலாம். கால்நடை அதிகாரியைக் கேட்டறிக. கொடுத்த பத்து முதல் பதினான்கு நாட்களில் மீண்டும் புழுக்கையைச் சோதித்தால், மருந்து வேலை செய்ததா என்பது விளங்கும்.

பனி உலர்ந்த பின் மேய விடுதல், தரையொட்டிய புல்லை மேயவிடாமை, இடைவெளியுள்ள பலகைத் தளத்துடன் உயர்ந்த பரண் கொட்டகை அமைத்தல் ஆகியவை புழுவின் வழியை அடைக்கும்.

இன்று மாலை ஆடுகள் கொட்டகை திரும்பும்போது, ஒவ்வொன்றின் கீழிமையையும் இறக்கிப் பாருங்கள். ஓர் ஆட்டிற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடம் ஓராண்டுச் சேமிப்பைக் காத்துத் தரலாம்.