வினாத்தாள் கடினமாக வந்தால் ஏன் பதற வேண்டும்?

உயர்தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் "பயப்படாம எழுதுங்க மகன்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்புகிறோம். எதை நம்பிப் பயப்படாமல் இருப்பது என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. பரீட்சை மண்டபங்களில் பல வருடங்கள் நோக்குநராகக் கடமையாற்றியவன் என்ற வகையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நன்றாகப் படித்த பிள்ளைகள் தடுமாறுவதை நான் அதிகம் கண்டது வினாத்தாளைத் திறந்த முதல் சில நிமிடங்களில்தான். பழக்கமில்லாத கேள்வி இரண்டு கண்ணில் பட்டதும் முகம் வாடிவிடும். "எல்லாம் போச்சு" என்ற எண்ணம் வந்துவிட்டால், தெரிந்த விடையும் கைக்கு வராது.

இந்த இடத்தில் உதவுவது ஆறுதல் வார்த்தை அல்ல, இஸட் புள்ளியின் கணக்கு. நமது பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் அதன்படியே நடக்கிறது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கிறார்கள். வினாத்தாள் இலகுவாக வந்து சராசரி 60 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் இருந்தால், 75 எடுத்தவருக்கு இஸட் புள்ளி 1. கடினமாக வந்து சராசரி 40 ஆகக் குறைந்தால், அதே விலகலில் 55 எடுத்தவருக்கும் 1தான். உங்களுக்குக் கஷ்டமான வினாத்தாள் நாடு முழுவதும் கஷ்டமாகத்தான் இருக்கும். அன்று பதறாமல் எழுதும் பிள்ளை மற்றவர்களை முந்துகிறது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது இலகுவான வினாத்தாளில்தான். அங்கே கவனக்குறைவாக விடும் ஒரு பிழைக்கும் விலை அதிகம்.

கட்டுரை வினாக்களுக்கு முன் தரப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். நன்கு தெரிந்த கேள்வியைத் தேடிப் பிடித்து அதிலிருந்து தொடங்கத்தான் அந்த நேரம். பல்தேர்வில் 2 மணித்தியாலத்தில் 50 கேள்விகள் என்றால், ஒன்றுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. சிக்கினால் அடையாளமிட்டுவிட்டு நகருங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் எதையும் வெறுமையாக விட வேண்டாம். இடைவேளையில் விடைகளை ஒப்பிட்டுப் பேசும் கூட்டத்துக்குப் பக்கத்திலும் போகாதீர்கள்.

பெற்றோரே, வாசலிலேயே "எப்படி, ஏ வருமா?" என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் வரை தோற்றலாம் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024இல் வெளியான உயர்தரப் பெறுபேறுகளில், காதுகளை மறைத்திருந்ததாகக் கூறி திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. காதில் கருவி இல்லை என்பதைப் பார்க்கும் ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் அதிகாரிகளுடன் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். பரீட்சைக் காலையில், மனப்பாடம் செய்த சூத்திரங்களைச் சுமந்துகொண்டு நிற்கும் பிள்ளையின் தலையில் அதைக் கட்டக்கூடாது. அதிபர்கள் முன்கூட்டியே பரீட்சை மேற்பார்வையாளருடன் பேசி, பெண் நோக்குநர் ஒருவர் ஒதுக்கமான இடத்தில் பரிசோதித்து முடிக்க ஏற்பாடு செய்யலாம். என்ன நடக்கும் என்பதை மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.