24 நாள் அம்மா!

என் வாழ்க்கையில் நான் பந்தயம் கட்டி ஜெயித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு சிங்கிள் டீ.

இடம்: கொடுங்கையூர், கண்ணதாசன் நகர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து வீசினால் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். எதிர்ப்பக்கம் வீசினால் சாவகாசமாக அரசியல் பேசலாம். அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம்!

"தமிழ்நாட்டோட முதல் பெண் முதலமைச்சர் யாரு?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"இன்னா சார் கேள்வி இது? அம்மாதான்!" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கொடுங்கையூர் பெரம்பூர் தொகுதி. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது ஆர்.கே. நகர். ஜெயலலிதா 2015 இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் நின்று ஜெயித்த தொகுதி. அந்த இரண்டு வருஷமும் எங்கள் ஏரியா மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்வீடு மாதிரி இருந்தது. விருந்து அங்கே, வேடிக்கை இங்கே.

"அம்மா இல்லைண்ணே. அவங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாங்க."

"சொம்மா உடாத வாத்யாரே! ஒரு டீ பெட்டு!"

ஜெயித்தேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு விடை என் பிறந்த நாளிலேயே இருக்கிறது. நான் பிறந்தது 1988 ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். அன்றைக்குத் தமிழகத்தின் முதலமைச்சர் திருமதி ஜானகி ராமச்சந்திரன். ஜனவரி 7-ம் தேதி பதவியேற்றார். 30-ம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணினால் 24 நாள். எனக்குத் தொட்டில் கட்டி ஊர் கூட்டிப் பெயர் வைப்பதற்குள் ஓர் அரசாங்கம் வந்து போய்விட்டது!

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் பற்று-வரவு எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். 24 நாளில் ஒரு மனுஷி என்ன வரவு வைத்திருக்க முடியும்? கணக்கைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டப் புரட்ட, அது 24 நாள் கதையில்லை என்று தெரிந்தது.

நாலு முதல்வர் சினிமா!

வி.என். ஜானகி என்ற பெயரில் 'வி' என்பது வைக்கம். கேரளத்து வைக்கத்தில் 1923-ல் பிறந்தவர். பாபநாசம் சிவன் அவருக்குச் சித்தப்பா முறை. பாட்டும் பரதமும் வீட்டுச் சொத்து என்பதால் சினிமா வெகுதூரத்தில் இல்லை.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். 1949-ல் 'வேலைக்காரி' படத்தில் நடித்தார். கதை வசனம், அண்ணா. 1950-ல் 'மருதநாட்டு இளவரசி'யில் நடித்தார். வசனம், கலைஞர் கருணாநிதி. ஜோடி, எம்.ஜி.ஆர். அண்ணா 1967-ல் முதல்வர், கலைஞர் 1969-ல், எம்.ஜி.ஆர். 1977-ல், கதாநாயகி 1988-ல்! 'மருதநாட்டு இளவரசி' டைட்டில் கார்டில் மட்டுமே மூன்று முதலமைச்சர்கள். எந்த ஜோசியராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள்.

அந்த நாளில் ஜானகி பெரிய ஸ்டார். எம்.ஜி.ஆர். அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்த நடிகர். பிறகு கல்யாணம். 1953-ல் வந்த 'நாம்' படத்தோடு அவருடைய திரையுலகக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. கணவர் ஏற ஏற, மனைவி பின்னால் நகர்ந்துகொண்டார். ராமாவரம் தோட்டத்துக்கு எந்த நேரத்தில் யார் போனாலும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள் என்று பழைய கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் புகழ் எம்.ஜி.ஆர். கணக்கில் ஏறியது. அடுப்படி நிர்வாகம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். உடல்நிலை மோசமாகி அப்போலோவில் சேர்க்கப்பட்டு, பிறகு அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்துக்குக் கொண்டு போகப்பட்டபோது பக்கத்தில் இருந்தவர் ஜானகி. 1985 பிப்ரவரியில் திரும்பி வரும்வரை நோயாளிக்குத் துணை அவர்தான்.

பதினைந்தாம் நாள் நாற்காலி

1987 டிசம்பர் 24 விடியற்காலை எம்.ஜி.ஆர். மறைந்தார். நெடுஞ்செழியன் தாற்காலிக முதல்வரானார். இறுதி ஊர்வல வண்டியில் ஏறிய ஜெயலலிதா கீழே இறக்கப்பட்டார். கட்சி அன்றைக்கே மனத்தளவில் இரண்டாகிவிட்டது. ஒரு பக்கம் நெடுஞ்செழியனும் ஜெயலலிதாவும். இன்னொரு பக்கம் ஆர்.எம். வீரப்பன். அவர் தரப்பு முன்னால் நிறுத்தியது ஜானகியை.

தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் 24-ல் கணவர் போகிறார். ஜனவரி 7-ல் மனைவி முதலமைச்சர். சரியாகப் பதினைந்தாம் நாள்! எம்.எல்.ஏ. இல்லை, மந்திரியாக இருந்ததில்லை, மேடைப் பேச்சாளர் இல்லை. சட்டம் ஆறு மாசம் தவணை கொடுத்தது. ஆளுநர் குரானா மூன்று வாரம் கொடுத்தார், மெஜாரிட்டியை நிரூபிக்க.

கணவன் இறந்து மனைவி நாற்காலிக்கு வருவது நம் பக்கத்தில் புதுசில்லை. இலங்கையில் பண்டாரநாயகா 1959-ல் சுட்டுக் கொல்லப்பட, 1960-ல் அவர் மனைவி சிறிமாவோ உலகத்தின் முதல் பெண் பிரதமர் ஆனார். ஆனால் அவர் கட்சியைத் தேர்தலில் ஜெயிக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜானகிக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. முதலில் நாற்காலி, பிறகுதான் பரீட்சை.

பரீட்சை நாள் 1988 ஜனவரி 28. காங்கிரஸும் கைகொடுக்கவில்லை, தி.மு.க.வும் கைகொடுக்கவில்லை. சொந்தக் கட்சியில் ஒரு பகுதி எதிரே. சட்டசபைக்குள் அன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அடிதடி. மண்டைகள் உடைந்தன. போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. சபாநாயகர் பி.எச். பாண்டியன், அரசு வென்றது என்று அறிவித்தார். ஆதரவு ஓட்டு 99. சபையின் மொத்த பலம் 234. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார் இந்தக் கணக்கில்!

30-ம் தேதி ராஜீவ் காந்தி அரசு ஆட்சியைக் கலைத்தது. ஜனாதிபதி ஆட்சி வந்தது.

அம்மாவிடம் ஒரு கேள்வி

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு அம்மாவிடம் போனேன். (என் சொந்த அம்மா!) "ஏம்மா, தெரியாத வேலைக்கு எதுக்கு அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கப்பா போன பதினாறாம் நாள் என்னைக் கல்லாவுல உக்கார வெச்சாங்களே, அப்ப நான் வேண்டாம்னு சொன்னேனாடா?"

எனக்குச் சுருக்கென்றது.

முத்தமிழ் நகரில் எங்களுக்கு மளிகைக்கடை இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது, 2003-ல், அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பெரியப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். யார் உட்கார்ந்தாலும் இன்னொருத்தர் விடமாட்டார். அதனால் அம்மாவை உட்கார வைத்தார்கள். துவரம்பருப்பு மொத்த விலைகூடத் தெரியாத அம்மா. அழுது வீங்கிய கண்ணோடு தராசைப் பிடித்த அம்மா.

"வேண்டாம்னு சொல்ல யோசிக்கிறதுக்கே ஒரு தெம்பு வேணும்டா. நான் அப்ப அவர் உட்கார்ந்த இடம் காலியா இருக்கக்கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன்."

நாலு மாசம் ஓடியது கடை. அப்புறம் சரக்குப் போட்டவர்களும் சொந்தக்காரர்களும் சேர்ந்து பிடித்த சண்டையில் ஷட்டர் இறங்கியது. அம்மா ஒரு முடிவெடுத்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "ரெண்டு பேர் இழுத்தா கடை கிழியும். நீங்களே நடத்துங்க" என்றார். கடை இன்றைக்கும் ஓடுகிறது. அப்பா பெயரில்தான் ஓடுகிறது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "முதலாளி? தம்பிக்காரர்தானே!" என்பார்கள். நடுவில் நாலு மாசம் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது ஒருவருக்கும் ஞாபகமில்லை.

சாவியைக் கொடுத்த கை

ஜானகி கதையின் மிச்சமும் அதேதான். இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். சேவலுக்கு 27 இடம். புறாக்கள் ஏறக்குறையப் பறந்தே போய்விட்டன. எம்.ஜி.ஆர். ஜெயித்த ஆண்டிபட்டியில் நின்ற ஜானகியே தோற்றார். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது.

தோற்ற அரசியல்வாதி பொதுவாக என்ன செய்வார்? கோர்ட்டுக்குப் போவார், தனிக்கட்சி கண்டு லெட்டர்பேடு அடிப்பார். ஜானகி ஒதுங்கிக்கொண்டார். அணிகள் இணைந்தன. இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. அந்த இலையோடு ஜெயலலிதா 1991-ல் கோட்டைக்குப் போனார். பிறகு நடந்த கால் நூற்றாண்டு அரசியல் உங்களுக்கே தெரியும்.

ஜானகி அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகள் பள்ளி. சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் பெண்கள் கல்லூரி. ராயப்பேட்டையில், அவ்வை சண்முகம் சாலையில் இருக்கும் அ.தி.மு.க. தலைமை அலுவலகம், அவர் கட்சிக்குக் கொடுத்த சொத்து. அந்தக் கட்டடத்துக்காகப் பிற்காலத்தில் எத்தனை பேர் முட்டிக்கொண்டார்கள் என்று யோசித்தால், கொடுத்தவரின் அமைதி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1996 மே 19 அன்று காலமானார். 2024 நவம்பரில் கட்சி அவருக்கு நூற்றாண்டு விழா நடத்தியபோதுதான் பல இளவட்டங்களுக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது.

சரி, ஐந்தொகை போடலாம். பற்று: திட்டம் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. சட்டசபையில் தடி சுழன்றதற்கு அவர் ஆட்சி பதில் சொல்லியே ஆக வேண்டும். மனைவி என்பது மட்டுமே முதல்வராகத் தகுதியா என்ற கேள்வியும் நியாயமானதுதான். வரவு: தனக்கு ஆகாதது எது என்று ஒரே வருஷத்தில் புரிந்துகொண்டது. புரிந்ததும் விட்டுக்கொடுத்தது. நம் அரசியலில் இந்தச் சரக்குக்கு எப்போதும் தட்டுப்பாடு.

இதை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போய்ப் பரண்மேல் இருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். 2003-ம் வருஷத்து நாலு மாசம். அம்மா கையெழுத்து. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"பி.காம்.தானே நீ? கூட்டிப் பாரு."

ராத்திரி பதினொரு மணி வரை கூட்டினேன். ஒரு பைசா இடிக்கவில்லை.

"இத்தனை வருஷம் ஏம்மா காட்டலை?"

"நீ எங்கடா கேட்ட?"

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். ஷேர் ஆட்டோ அண்ணன் பந்தய டீயை வாங்கிக் கொடுத்தார். முகத்தில் மட்டும் தோற்ற களை இல்லை.

"இருவத்திநாலு நாள்லாம் ஒரு கணக்கா வாத்யாரே?" என்றார்.

"கணக்குதாண்ணே. எங்க வீட்டு நோட்டுல இருக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு டீ அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது. காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்துதான் வீசியது!