வளர்ந்த மரத்துக்கு ஈடு ஏது?

தில்லை, களப்பு ஓரத்தில் நிற்கும் கண்டல் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்தின் பெயர் தில்லையடி என்ற ஊர்ப்பெயரிலும் இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் புத்தளத்துத் தென்னந்தோட்டங்களில்தான் கிடுகுக் கொட்டில் போட்டன. அந்நாட்களில் வாசலில் ஊன்றிய வேம்புக்கன்று இன்று முப்பது வயது கடந்த மரம்.

இப்போது கொட்டில்கள் கல்வீடுகளாகிவிட்டன. மதில் எழுகிறது, வீதி அகலமாகிறது. முதலில் கோடரி விழுவது வளர்ந்த மரத்தின் மேல்தான். "ஒன்றை வெட்டினால் இரண்டு நடுவோம்" என்கிறோம். எண்ணம் நல்லது, கணக்குத்தான் சரிவராது.

மரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கித் தன் உடலாக்குகிறது. காய்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபன். வெட்டி எரித்தால் அது காற்றுக்கே திரும்பிப் பூமியைச் சூடாக்கும். முற்றிய மரம் இனிப் பயன்தராது என்று நினைப்பதும் தவறு. உலகின் 403 மர இனங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வொன்று, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க அது ஆண்டுதோறும் சேர்க்கும் காபனும் கூடுவதைக் காட்டியது. இன்று நடும் கன்று அந்த நிலைக்கு வர இன்னொரு தலைமுறை செல்லும்.

அதுவரை வெயிலை யார் தாங்குவது? மரம் நிழல் தருவதோடு, இலை வழியே நீராவியை விட்டுச் சுற்றுப்புறத்தையும் குளிரச் செய்கிறது. தகரக் கூரையின் கீழ் பங்குனி, சித்திரையைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை நம்மில் பலர் அறிவோம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த இனத்தை அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். எத்தனையோ தலைமுறைகள் வெட்டாமல் விட்டதால்தான் அது இன்றும் நிற்கிறது.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. வளவில் நிற்கும் மற்ற மரங்களுக்குப் பெரும்பாலும் நாமே காவல். ஆகவே:

- வீட்டுக்கு அத்திவாரம் போடுமுன், மரத்தை விட்டு விலக்கிப் போட இடமுண்டா என்று பார்ப்போம்.
- கிளை இடைஞ்சல் என்றால் கிளையை மட்டும் தறிப்போம்.
- அடிமரம்வரை சீமெந்து பூசாமல், நீர் இறங்க மண்ணைத் திறந்து விடுவோம்.
- வேரடியில் குப்பை எரிக்காதிருப்போம்.
- வீதிக்காக மரம் வெட்டப்படும் என்று அறிந்தால், வெட்டுமுன்னரே ஊராகக் கூடிப் பிரதேச சபையிடம் பேசுவோம்.

புதிய கன்றுகளும் நடுவோம். ஆனால் வளர்ந்த மரத்துக்குத் துணையாக நடுவோம், அதற்குப் பதிலாக அல்ல. ஊரையும் வளவையும் ஒருமுறை இழந்தவர்கள் நாம். முப்பது ஆண்டு உழைப்பில் வளர்ந்த நிழலை நம் கையாலேயே இழக்க வேண்டாம்.