ஒலியும் ஓர் ஆவணமே

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் கழித்தவற்றையும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. செட்டிநாட்டில் திரண்ட அச்சுச் செல்வம் இவ்வாறு பிழைத்தது. அப்பாட்டுப் புத்தகங்களில் உள்ள பாடல்கள் எவ்வாறு ஒலித்தன என்பதை அறியத் தாள் மட்டும் போதாது.

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை எடிசன் 1877இல் உருவாக்கினார். 1902இல் கல்கத்தாவில் வணிக நோக்கிலான இசைப்பதிவு தொடங்கியது. விரைவில் கிராமபோன் பெட்டி வசதி படைத்தோர் இல்லங்களில் இடம்பிடித்தது. காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்ற இளைஞர் ஒருவர், 1930களின் தொடக்கத்தில் நண்பர்களுடன் இணைந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். திரைப்படத் தயாரிப்பாளராகப் பின்னாளில் புகழ்பெற்ற ஏவி. மெய்யப்பனே அவர்.

சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஒடியன் என்னும் ஜெர்மானிய நிறுவனத்துக்காகத் தமிழ்ப் பாடல்களைப் பதிவுசெய்தது. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனி சென்றன. இசைத்தட்டுகளாக அச்சாகித் திரும்பி வந்தன. இரண்டாம் உலகப்போர் அத்தொடர்பைத் துண்டித்தது. மூலத்தட்டுகள் நம் கையில் இல்லாததால், வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் எஞ்சிய படிகளே இன்று ஆவணங்கள். மும்பையைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் ஒடியன் தட்டுகள் பலவற்றை மின்னணு வடிவுக்கு மாற்றியுள்ளனர்.

ஒரு தட்டின் மதிப்பை எஸ்.ஜி. கிட்டப்பாவின் வாழ்வு உணர்த்தும். நாடக மேடையை ஆண்ட அவர் 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவரது குரல் இன்று கேட்கக் கிடைப்பது இசைத்தட்டுகளால் மட்டுமே.

அக்காலத் தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது; கைதவறி விழுந்தால் நொறுங்கிவிடும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் அதன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாடலே அடங்கும். மேடையில் விரிந்து பரந்த பாடலைப் பாடகர்கள் அதற்கேற்பச் சுருக்கினர். ஆகவே பழைய தட்டில் கேட்பதை அக்கால மேடையின் முழு வடிவம் எனக் கொள்ளலாகாது. எஃகு முள் ஒவ்வொரு முறையும் தட்டின் வரிப்பள்ளத்தைத் தேய்க்கும். காப்பகத்தில் தட்டைத் தூய்மைசெய்து, பள்ளத்தின் அகலத்துக்குப் பொருந்தும் முள்ளைத் தேர்ந்து, சரியான சுழல்வேகத்தைக் கண்டறிந்து, அதன் பின்னரே ஒலிக்கச்செய்வர். வேகம் பிறழ்ந்தால் பாடியவரின் சுருதியே மாறிவிடும். இரைச்சலை நீக்காத முதற்பதிவையும் அழிக்காமல் வைப்பர். இன்று இரைச்சலெனத் தோன்றுவதில் நாளைய ஆய்வாளருக்குச் செய்தி கிடைக்கக்கூடும்.

இவ்வளவும் தட்டில் ஏறிய குரல்களைப் பற்றியது. இசைத்தட்டு வணிகம் விலைபோகும் குரல்களையே நாடியது. செட்டிநாட்டு ஆச்சிமார் தொட்டிலருகே பாடிய தாலாட்டு அவ்வணிகத்தின் கண்ணில் படவில்லை. மாமன் கொணர்ந்த சீரையும் கடல் கடந்து ஈட்டிய பொருளையும் பாடும் அத்தாலாட்டுகள் நூல்களில் அச்சேறியுள்ளன, சொல் கிடைக்கிறது. எந்த எழுத்தை நீட்டினர், எங்கே மூச்சு வாங்கினர், தொட்டிலின் ஆட்டத்தோடு பாட்டு எவ்வாறு இயைந்தது என்பவற்றை அச்சு சொல்லாது. ஒப்பாரியில் இக்குறை இன்னும் பெரிது. அங்கே விம்மலும் பாட்டின் பகுதியன்றோ!

இன்று பாட்டியின் தாலாட்டைப் பதியக் கைப்பேசி போதும். எனினும் குறிப்பில்லாத பதிவு, முகவரியற்ற மடல் போன்றது. எனவே களஆய்வாளர்கள் பாடுபவரின் இசைவைப் பெற்று, அவர் பெயர், ஊர், நாள், பாட்டைக் கற்ற விதம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லச்செய்கின்றனர். பின்னர் கோப்பின் படிகளை வெவ்வேறு இடங்களில் சேமிக்கின்றனர்.