புதுவை இணைந்த வரலாறு

1947 ஆகஸ்டு 15 அன்று நம் நாடு விடுதலை பெற்றது. ஆனால் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய ஊர்களில் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. அவை சட்டப்படி நம்மோடு இணைய மேலும் 15 ஆண்டுகள் ஆயின. காரணம் என்ன?

மக்களின் சம்மதமின்றி ஆட்சிப்பகுதியைப் பிற நாட்டிற்கு அளிக்கப் பிரெஞ்சு அரசியல் சட்டம் இடந்தரவில்லை. எனவே 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் மட்டும் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் இசைவளித்த பின்னரே, 1962 ஆகஸ்டு 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

நிலத்தோடு மக்களும் கைமாறும் பொருளல்லவே! அங்கு வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், விரும்பினால் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். மற்றவர் இந்தியர் ஆவர் என்று ஒப்பந்தம் கூறியது. இன்றும் புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய தமிழர் வாழ்வது இதனால்தான்.

கோவாவிற்கு 1961-இல் படை அனுப்ப நேர்ந்தது. புதுவையிலோ மக்கள் போராடினர், அரசுகள் பேசின; போர் மூளவில்லை. பொறுமையும் பேச்சும் சாதித்த இவ்வெற்றியை நாம் மறவாதிருப்போமாக!