காகிதப் பட்டையின் பெறுமதி

யப்பானில் வெளியாகும் இசை இறுவட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலிற் கண்ணிற் படுவது, அதன் முதுகுப்பக்கத்தைச் சுற்றியிருக்கும் ஒடுங்கிய காகிதப் பட்டையாகும். 'ஓபி' என்பது அதன் பெயர். கிமோனோ உடையின் இடைக்கச்சைக்கும் அதே பெயர்தான். விலை, பதிவிலக்கம், யப்பானிய மொழியிலான தலைப்பு ஆகியன அதில் அச்சிடப்பட்டிருக்கும். அறியாதவர் அதனைக் கழற்றி எறிந்துவிடுவர். சேகரிப்பாளருக்கோ பட்டை இல்லாத இறுவட்டு குறைப்பட்ட பொருளாகும்.

இத்தகைய பதிப்புகளைத் தேடி அலைவோரில் 'பவர் மெற்றல்' இசையின் விரும்பிகள் முன்னணியில் நிற்கின்றனர். வேகமான மின்கித்தாரும் உச்சத்தில் ஒலிக்கும் குரலும் வீரகாவியக் கதைகளும் இவ்விசையின் இலக்கணம். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த 'ஹெலோவீன்' குழு 1987, 1988 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'கீப்பர் ஒஃப் த செவின் கீஸ்' என்னும் இரு தொகுப்புகள் இதற்கு வழிசமைத்தன. அதைத் தொடர்ந்து 'காமா ரே', பின்லாந்தின் 'ஸ்ட்ராற்றோவாரியஸ்', பிரேசிலின் 'அங்ரா' எனப் பல குழுக்கள் எழுந்தன. இவற்றை யப்பானிய இரசிகர் ஆர்வத்துடன் வரவேற்றனர். 'பிளைன்ட் கார்டியன்' என்னும் ஜேர்மனியக் குழு 1993 இல் வெளியிட்ட நேரடி நிகழ்ச்சித் தொகுப்பு ரோக்கியோவிலேயே பதிவுசெய்யப்பட்டது. அந்நகரின் பெயரையே தலைப்பிலும் தாங்கியது.

யப்பானியப் பதிப்பில் மட்டும் மேலதிகப் பாடல் ஒன்றோ இரண்டோ இடம்பெறுவது ஏன்? விடை வணிகத்தில் உள்ளது. நூல்கள், செய்தித்தாள்கள், இசைத்தட்டுகள் போன்றவற்றின் சில்லறை விலையை வெளியீட்டாளரே நிர்ணயிக்க 1953 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அங்கு இடமளித்தது. 2001 இல் மீளாய்வின் பின்னும் அம்முறை தொடர்ந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் இறுவட்டுகள் இதற்குக் கட்டுப்பட்டவையல்ல. ஆதலால் அவை மலிவாக விற்கப்பட்டன. உள்நாட்டுப் பதிப்பை ஒருவர் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டுமாயின் அதற்கொரு காரணம் வேண்டும். மேலதிகப் பாடலே அக்காரணம். இதன் விளைவாக, ஹம்பேர்க் இரசிகர் தமது ஊர்க் குழுவின் பாடலைக் கேட்க யப்பானியப் பதிப்பைத் தருவிக்க வேண்டியதாயிற்று!

சிறப்புப் பதிப்புகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. பழைய இசைத்தட்டின் அட்டையைச் சிறிதாக்கி அச்சிட்ட காகித உறைகள், காணொளித் தட்டுகள் இணைந்த பெட்டிகள், 2008 அளவில் பரவலான எஸ்.எச்.எம். என்னும் உயர்தரப் பிளாஸ்ரிக் தட்டுகள் எனப் பல வகையுண்டு. இறுதியிற் கூறியதன் ஒலி மேம்பட்டதா என்பது விவாதத்துக்குரியது. தட்டிற் பதியப்பட்ட எண்கள் ஒன்றாயின் மூலப்பொருளால் மட்டும் இசை மாறிவிடாது.

வாங்க விரும்புவோர் சிலவற்றைக் கவனித்தல் நன்று. பட்டையும் உட்புத்தகமும் உள்ளனவா என்பதை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அதே மேலதிகப் பாடல் பின்னர் வேறொரு பதிப்பில் மலிவாக வெளிவந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையான பொதிகளுக்கிருந்த பெறுமதிசேர் வரி விலக்கு 2021 யூலை முதலாம் நாளுடன் நீங்கிவிட்டது. ஆகவே அஞ்சற் செலவுடன் வரியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் அறையைத் துப்புரவு செய்யும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் காகிதத் துண்டைக் குப்பையென எறிந்துவிடாதீர்கள்.

எம்மைப் பெரிதும் கவர்வது உட்புத்தகமே. ஆங்கிலப் பாடல்களின் யப்பானிய மொழிபெயர்ப்பும் குழுவைப் பற்றிய அறிமுகக் கட்டுரையும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்நிய இசையை மனமுவந்து வரவேற்ற அம்மக்கள், அதன் பொருளைத் தம் மொழியிலேயே அறிந்துகொள்ள விரும்பினர். வேற்றுமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவேயாகும்.