உங்களுக்குத் தெரியுமா? கற்பிட்டிக் கிணற்றில் இறங்கும் பசளை
50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கற்பிட்டியின் மணல் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியில் தூவிய வெண்மணிகள் இறைக்கும் நீரில் கரைந்து மறைகின்றன. பயிர் எடுத்தது போக மிச்சத்தில் பெரும்பகுதி நைத்திரேற்றாகி, சில மீற்றர் ஆழத்திலேயே கிடக்கும் நன்னீரில் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்குரிய எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்குள்ள கிணறுகள் பல அதைத் தாண்டியதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. பசளையைக் குறைத்தால் விளைச்சல் விழுமே என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் வேருக்கு எட்டாமல் கிணற்றுக்குப் போன நைதரசன் ஒரு வெங்காயத்தையும் பருக்க வைத்ததில்லை. எனவே மொத்தமாகக் கொட்டாமல் சிறு பங்குகளாகப் பிரித்து இடுங்கள், நீரையும் அளந்து விடுங்கள். எல்லை தாண்டிய கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள்.